அடுக்குக் கண்ணாடி முகங்கள்: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

ஏழெட்டு வருஷமாகக் கண்ணாடிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி முகங்கள் வரைந்துகொண்டிருக்கிறேன். வாரக் கடைசியில் வீட்டு மாடியில் நாலைந்து பேருக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். கற்க வருகிறவர்கள், போனில் பிடிக்கிறவர்கள், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர்கள் என்று யாரைப் பார்த்தாலும் ஏறத்தாழ இதே கேள்விகள்தான். கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம், இந்த மாதிரிப் படங்களோடு சேர்த்துப் பேசப்படும் ஆழ்மனத்தைப் பற்றிக் கொஞ்சம். பதில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இது தஞ்சாவூர் கண்ணாடிப் படம்தானே? எங்க பாட்டி வீட்டுல ஒண்ணு மாட்டியிருந்துச்சு.

இல்லை. ஆனால் ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லலாம். பாட்டி வீட்டுப் படம் ஒரே ஒரு கண்ணாடியில், அதன் பின்பக்கத்தில் வரைந்தது. நாம் முன்பக்கமிருந்து பார்க்கிறோம். அதனால் வரைகிற வரிசையே தலைகீழ். துணியில் வரையும்போது கடைசியாக வைக்கும் கண்ணின் வெள்ளைப் புள்ளியை அங்கே முதலில் வைத்தாக வேண்டும். அப்புறம் கோடு, நகை, நிழல், உடம்பு நிறம், எல்லாம் முடிந்து பின்னணி. தப்பு வந்தால் மேலே பூசி மறைக்கவும் வழியில்லை. முதலில் வைத்ததுதானே முன்னால் தெரியும்!

இந்தப் பின்பக்க வேலை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. ஜெர்மனியில் பவேரியா பக்கம் மூர்னாவ் என்ற ஊரில் கிராமத்துக் கைவினைஞர்கள் சாமி படங்களை இப்படித்தான் வரைந்தார்கள். ஓவியர் காப்ரியேலே மியூன்டர் 1909 வாக்கில் அங்கே வீடு வாங்கியபோது, ஹைன்ரிஹ் ராம்போல்டு என்ற உள்ளூர்க்காரரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஓவியர் கான்டின்ஸ்கியும் அதில் இறங்கினார். நவீன ஓவியத்தின் பெரிய தலைகள் கிராமத்துக் கண்ணாடிப் படத்துக்கு முன் மாணவர்களாக உட்கார்ந்தது எனக்குப் பிடித்த காட்சி.

நான் செய்வதில் கண்ணாடி பல. முகம் எந்த ஒரு கண்ணாடியிலும் முழுதாக இருக்காது. ஒன்றை மட்டும் உருவி எடுத்துக் காட்டினால் நாலு கோடும் ஒரு கறையும்தான் தெரியும்.

அப்போ எத்தனை கண்ணாடி? எப்படி நிக்குது?

என் கணக்கு பத்து. ஒவ்வொன்றும் 4 எம்.எம். கனம், 30க்கு 40 செ.மீ. அளவு. இரண்டுக்கும் நடுவில் 12 எம்.எம். இடைவெளி. கூட்டிப் பார்த்தால் மொத்த ஆழம் ஏறத்தாழ 15 செ.மீ. வரும். மூக்கு நுனியில் தொடங்கி காது தாண்டும் வரைக்கும் அது போதும். அதனால் ஆள் அளவிலேயே முகம் அமைகிறது.

தச்சரிடம் சொல்லி தேக்குப் பெட்டியின் அடியிலும் மேலேயும் காடி (நீளப் பள்ளம்) எடுத்து வாங்கிக்கொள்கிறேன். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக அதில் இறக்கிவிடலாம், வேண்டாதபோது உருவலாம். பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். ஏன் என்று கடைசியில் உடைசல் பற்றிய பதிலில் புரியும்.

இதை முதல்ல கண்டுபிடிச்சது யாரு?

ஒரு ஆளைக் கைகாட்ட முடியாது. பல பேர் பல வாசல் வழியாக இதே அறைக்குள் வந்திருக்கிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்த வாசல் ஒரு வேதியியல் கூடம். டோரதி ஹாட்ஜ்கின் 1945இல் எக்ஸ்-கதிரை வைத்துப் பெனிசிலின் மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடித்தார் (1964இல் நோபல் பரிசு பெற்றவர்). மூலக்கூறில் எலெக்ட்ரான்கள் எங்கே நெருக்கமாக இருக்கின்றன என்பதை, மலை வரைபடத்தில் உயரக்கோடு போடுவது மாதிரி, பெர்ஸ்பெக்ஸ் என்ற தெளிந்த பிளாஸ்டிக் தகடுகளில் கோடுகளாக வரைந்து அடுக்கி வைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் அணுக்கள் தகடுகளுக்கு நடுவில் மிதக்கும். ஆக்ஸ்ஃபோர்டு அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த மாதிரியைப் பார்த்துத்தான், பத்திரிகையாளராக இருந்து ஓவியரான ஆஞ்சலா பாமர் இந்த வழிக்கு வந்தார். ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு எகிப்தியக் குழந்தை மம்மியின் ஸ்கேன் படங்களை 111 கண்ணாடிகளில் கோடு கோடாக வரைந்து, துணியைப் பிரிக்காமலேயே அந்தக் குழந்தையைக் கண்ணுக்குக் காட்டினார். தன் மூளையையே ஸ்கேன் எடுத்து சுயஉருவமாகவும் செய்திருக்கிறார்.

சீனாவில் ஷியா ஷியாவ்வான் 14 கண்ணாடிகள் வரை அடுக்கி, பேய்க்கனவில் வருகிற மாதிரி உடல்களை வரைகிறார். நியூயார்க்கில் டஸ்டின் யெலின் பத்திரிகைகளிலிருந்து வெட்டிய ஆயிரக்கணக்கான துணுக்குப் படங்களைக் கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து ஆளுயர மனித உருவங்கள் செய்கிறார். ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல். முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அருவி, நெஞ்சில் ஒரு கூட்டம். கிட்டப் போனால் ஆள் காணாமல் போய்த் துணுக்குகள்தான் இருக்கும்.

ஆழ்மனம், அடிமனம், நனவிலின்னு ஒவ்வொருத்தர் ஒண்ணு சொல்றாங்க. எல்லாம் ஒண்ணா?

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டு கணக்கில் மனத்துக்கு மூன்று அறைகள். இப்போது நினைவில் ஓடிக்கொண்டிருப்பது நனவு. கேட்டால் எடுத்துச் சொல்லக்கூடியது (உங்கள் பழைய போன் நம்பர் மாதிரி) முன்நனவு. நாமாகத் தேடினாலும் கைக்கு அகப்படாமல், ஆனால் நம்மை உள்ளிருந்து ஆட்டிவைப்பது நனவிலி. புத்தகத் தமிழில் நனவிலி என்றும் பேச்சில் ஆழ்மனம் என்றும் சொல்வது இதைத்தான். அடிமனம் என்பதை முன்நனவுக்கும் சொல்கிறார்கள், நனவிலிக்கும் சொல்கிறார்கள். குழப்பம் அங்கேதான். இந்தப் பக்கத்தில் ஆழ்மனம் என்று வந்தால் நனவிலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆழ்மன சக்தியால் ஆறு மாதத்தில் வீடு வாங்கலாம் என்று வரும் வீடியோக்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த வழியில் வீடு வாங்கியவர் யாராவது இருந்தால் கடைசி மாடிக்கு என் கண்ணாடிப் பெட்டியைத் தூக்க உதவிக்கு வரட்டும்.

சரி, ஆழ்மனத்துக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம்? கண்காட்சிக்கு ஒரு பேரு வேணும்னு வச்சதுதானே?

அப்படி வைக்கிறவர்களும் உண்டு. ஆனால் அடுக்கு என்பது மனத்தைப் பற்றிப் பேசியவர்களே கையில் எடுத்த உவமை. சின்ன வயதில் மேஜிக் ஸ்லேட் வைத்திருந்தீர்களா? குச்சியால் எழுதி, மேல்தாளைத் தூக்கினால் எழுத்து அழிந்துபோகுமே, அதுதான். ஃப்ராய்டு 1925இல் அதைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரையே எழுதினார். மேலே செல்லுலாய்டு தாள், நடுவில் மெழுகுத் தாள், அடியில் மெழுகுப் பலகை. மேல்தாளைத் தூக்கினால் எழுத்து போய்விடும். ஆனால் அடியில் உள்ள மெழுகில் குச்சி அழுத்திய தடம் அப்படியே இருக்கும், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம். நினைவுக்கு வராதது அழிந்துபோனது என்று அர்த்தமில்லை என்பதற்கு இதைவிடச் சுலபமான விளக்கத்தை நான் பார்க்கவில்லை.

ஃப்ராய்டோடு அப்போது சேர்ந்திருந்த மனநல மருத்துவர் யுங் வேறு மாதிரி கண்டார். 1909இல் ஃப்ராய்டோடு அமெரிக்காவுக்குப் போன பயணத்தின்போது அவருக்கு ஒரு கனவு. ஒரு வீடு, மேல்மாடியில் அழகான பழைய நாற்காலி மேசைகள், கீழ்த்தளம் இன்னும் பழசு, அதற்கும் கீழே ரோமானியர் காலத்து நிலவறை, அங்கே தரையில் ஒரு கல்லைத் தூக்கினால் இன்னும் கீழே குகை, புழுதியில் உடைந்த பானைகளும் இரண்டு மண்டையோடுகளும். அது யாருடைய மண்டையோடு என்று ஃப்ராய்டு குடைந்தாராம். யுங்குக்கோ வீடு முழுவதுமே மனம்.

இவர்கள் இருவருக்கும் முன்னாலேயே, 1867இல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற இயற்பியலாளர் சொன்னதுதான் என் வேலைக்கு நேரடியாகப் பொருந்துகிறது. கண்ணுக்கு வருவது அரைகுறைத் தகவல். மிச்சத்தை நமக்குத் தெரியாமலேயே மனம் ஊகித்து நிரப்பிவிடுகிறது என்றார். என் பத்துக் கண்ணாடியில் மூக்கின் நுனி ஒன்றில், கன்னத்து மேடு இன்னொன்றில். நடுவே இருப்பது காற்று. அந்தக் காற்றில் தோலைப் போடுவது பார்க்கிறவரின் ஆழ்மனம். படத்தில் இருப்பவரின் ஆழ்மனத்தை நான் வரைகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நின்று பார்க்கிறவருடையதைத்தான் நான் வேலை வாங்குகிறேன்.

எந்தக் கண்ணாடி வாங்கணும்? அக்ரிலிக் ஷீட் போதாதா?

பழக அக்ரிலிக் போதும். எடை பாதிக்கும் குறைவு, எளிதில் உடையாது. ஆனால் துணியால் துடைத்தாலே கீறல் விழும், துடைக்கத் துடைக்க நிலைமின்சாரம் ஏறித் தூசியை இழுத்துப் பிடிக்கும். பத்துத் தகட்டிலும் தூசி என்றால் முகத்துக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும்.

கண்ணாடியில் சாதாரண பிளெயின் கிளாஸை ஓரமாகப் பார்த்தால் பச்சையாக இருக்கும், அதில் உள்ள இரும்பு அப்படி. ஒன்றில் தெரியாது. பத்து அடுக்கினால் பின்னால் உள்ள நிறமெல்லாம் பாசி பிடித்தது போலாகும். ‘எக்ஸ்ட்ரா கிளியர்’ என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான். நாலு ஓரமும் எட்ஜ் பாலிஷ் போட்டுத் தரச் சொல்லுங்கள், கை கிழியாது. டஃப்பன்ட் கண்ணாடி வேண்டுமென்றால் அளவை முதலிலேயே சரியாகச் சொல்லிவிட வேண்டும். கெட்டிப்படுத்திய பிறகு அதை வெட்ட முடியாது, வெட்டினால் சுக்குநூறு.

எடையையும் யோசியுங்கள். மேலே சொன்ன அளவில் ஒரு கண்ணாடி 1.2 கிலோ. பத்துக்கு 12 கிலோ, பெட்டி தனி. சுவரில் ஆணியடித்து மாட்டுகிற சமாச்சாரமில்லை.

பெயின்ட் ரெண்டே நாள்ல உரிஞ்சு வருது. என்ன தப்பு?

பத்தில் ஒன்பது தடவை, விரல் எண்ணெய். கண்ணாடியைக் கழுவிக் காயவைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்த பிறகு அதன் முகத்தைத் தொடக் கூடாது, ஓரத்தைப் பிடித்தே தூக்க வேண்டும். இட்லிக்கு எண்ணெய் தடவின தட்டு மாதிரி, தொட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது.

சாதாரண அக்ரிலிக் வண்ணம் கண்ணாடிக்கு உரியது அல்ல. நகத்தால் சுரண்டினால் தோலாக வந்துவிடும். கண்ணாடிக்கென்று விற்கும் வண்ணங்களில் சிலவற்றை வீட்டு அவனில் சுட்டு இறுக்கலாம், 160 டிகிரியில் 40 நிமிடம் என்பது போல டப்பாவிலேயே போட்டிருக்கும். குளிர்ந்த அவனில் வைத்துச் சூடேற்றி, அணைத்த பிறகு உள்ளேயே ஆறவிடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை நான் மூன்று முறை கேட்டிருக்கிறேன்.

பத்துக் கண்ணாடி அடுக்கினதும் உள்ள ஒரே இருட்டு. முன்னால லைட் போட்டுத்தான் பார்க்கிறேன்.

லைட் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு கண்ணாடிக்கு இரண்டு பரப்பு, ஆக 8 சதவீதம் போச்சு. இப்படியே பத்தைக் கடந்தால் நேராக வந்து சேர்வது 43 சதவீதம். முன்னாலிருந்து லைட் அடித்தால் அது உள்ளே போகும்போதும் இந்த வரி, திரும்பி உங்கள் கண்ணுக்கு வரும்போதும் இந்த வரி. கடைசிக் கண்ணாடியில் உள்ளது இருட்டாமல் என்ன செய்யும்?

அதனால் முன்லைட்டை அணைத்துவிட்டு, பெட்டியின் அடியிலோ மேலேயோ காடியை ஒட்டி எல்.இ.டி. பட்டையை வையுங்கள். ஓரத்தின் வழியாகக் கண்ணாடிக்குள் நுழையும் வெளிச்சம் பெரும்பாலும் வெளியே வர முடியாமல் உள்ளேயே முட்டி மோதிக்கொண்டு போகும். பெயின்ட் இருக்கிற இடத்தில்தான் சிதறி வெளியே வரும். கோடு மட்டும் ஒளிர, கண்ணாடி இருப்பதே தெரியாமல் போகும். பின்னால் கறுப்புத் துணி. முதல் தடவை இப்படிப் பார்த்தபோது ராத்திரி இரண்டு மணி, வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன்.

மூக்கு எந்தக் கண்ணாடியில, காது எந்தக் கண்ணாடியில? எப்படிப் பிரிக்கிறது?

ரொட்டியை வில்லை போடுவது மாதிரி தலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டே போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆளின் பக்கவாட்டுப் படத்தில் மூக்கு நுனி முதல் காதின் பின்பக்கம் வரை பத்துச் செங்குத்துக் கோடுகள் போடுங்கள். முதல் கோட்டில் மூக்கு நுனி மட்டும். இரண்டாவதில் மூக்கின் உடலும் உதட்டு விளிம்பும். மூன்று, நாலில் கண் இமை, முகவாய், புருவ மேடு. கன்னம் ஐந்தில் தொடங்கும். காது எட்டு, ஒன்பது.

இப்படி அறுத்தால் சரியான தலை கிடைக்கும், ஆனால் செத்த தலை. இரண்டு மூன்று கண்ணாடிகளில் இந்தக் கணக்கை மீறிவிடுவேன். ஒரு ரிட்டயர்டு தையல்காரரை வரைந்தபோது ஏழாவது கண்ணாடியில், கன்னத்துக்குப் பின்னால், அவர் சொன்ன ஒரு பழைய சட்டையின் காலர் வடிவத்தை மெல்லிய கோடாகப் போட்டேன். முன்னாலிருந்து பார்த்தால் அது தாடை நிழல் மாதிரிதான் இருக்கும். அவர் மட்டும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, “இது அந்த முதல் காலராச்சே” என்றார்.

சைடுல போய் நின்னா ஒண்ணுமே தெரியலையே?

ஆமாம், தெரியாது. பக்கவாட்டில் நின்றால் பத்துக் கண்ணாடியின் ஓரங்கள் மட்டும்தான். என் அம்மாவின் அம்மாவை வரைந்து முதல் தடவை வீட்டில் வைத்தபோது, அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து பக்கவாட்டில்தான் முதலில் பார்த்தாள். “இங்கேருந்து பார்த்தா யாரையும் காணோமே” என்றாள். இரண்டடி நகர்ந்ததும் ஆச்சி வந்துவிட்டார். அம்மா மறுபடி பின்னால் நகர்ந்து போனாள், மறுபடி முன்னால் வந்தாள். இப்படி நாலைந்து தடவை. அடுப்பில் கீரை தீய்ந்துபோனது.

இதைக் குறை என்று சொல்லிச் சிலர் சரிசெய்யப் பார்க்கிறார்கள். நான் தொடவே மாட்டேன்.

கண்ணாடியோட வரிசை மாறிப்போச்சுன்னா என்ன ஆகும்?

நான் ஒருமுறை மாற்றிப் போட்டிருக்கிறேன். கண்காட்சிக்கு முந்தின ராத்திரி எல்லாவற்றையும் துடைத்துத் திரும்ப இறக்கும்போது தூக்கக் கலக்கத்தில் வரிசையைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். காது முன்னால், மூக்கு நுனி கடைசியில். மறுநாள் காலை ஒரு பையன் ஓடிவந்து, “அங்கிள், அந்தத் தாத்தா நான் எங்க போனாலும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாரு” என்றான். போய் நின்று பார்த்தால் நிஜம். நாம் இடது பக்கம் நடந்தால் தாத்தாவும் இடது பக்கம் திரும்புகிறார்.

முகமூடியின் குழிந்த பக்கத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாலும் இதே மாயம் நடக்கும். பிறந்ததிலிருந்து நாம் பார்த்த முகமெல்லாம் முன்னால் புடைத்தவை. அதனால் உள்ளே குழிந்திருப்பதைக் கண் சொன்னாலும் மனம் ஒத்துக்கொள்ளாமல் புடைத்ததாகவே காட்டிவிடுகிறது. அப்படி மாற்றிக் காட்டியதன் கணக்கு உதைக்கும்போது, முகம் நகர்வதாக நமக்குத் தெரிகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஊகம் என்று மேலே சொன்னேனே, அது கையும் களவுமாகப் பிடிபடும் இடம் இதுதான். கிட்டே போய் இரண்டு கண்ணாலும் பார்த்தால் மாயம் கலைந்துவிடும். அந்தக் கண்காட்சி முடியும் வரை வரிசையை மாற்றவில்லை.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வச்சு செஞ்சா ஆழ்மனமே தெரியுமே?

தெரியாது. எம்.ஆர்.ஐ. காட்டுவது மூளையின் உடற்கூறு: மடிப்பு, பள்ளம், திரவம். பாமரின் மூளைக் கண்ணாடிகள் அழகானவை, ஆனால் அதில் அவருடைய பயமோ ஆசையோ கிடையாது. வேலை செய்யும் மூளையைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. கூட, எந்த இடத்துக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தம் கூடுதலாகப் போகிறது என்றுதான் சொல்லும். அங்கே என்ன நினைப்பு ஓடியது என்பது வேறு சங்கதி.

ஸ்கேனை வைத்துச் செய்ய ஆசைப்பட்டால் தாராளமாகச் செய்யுங்கள். வில்லை போடும் வேலையை மெஷினே முடித்துத் தந்துவிடுகிறது. மற்றவருடைய ஸ்கேன் என்றால் கேட்டு அனுமதி வாங்குங்கள், அது மருத்துவ ஆவணம்.

படத்துல எனக்கு ஒரு நாய் தெரியுது. இதை வச்சு என் மனசுல என்ன இருக்குன்னு சொல்லுங்களேன்.

சொல்ல மாட்டேன், சொல்லவும் தெரியாது. மைக்கறையைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்கும் சோதனையை ஹெர்மன் ரோர்ஷாக் என்ற மனநல மருத்துவர் 1921இல் பத்து அட்டைகளோடு வெளியிட்டார். அடுத்த வருஷமே, 37 வயதில், இறந்துபோனார். அதை வைத்து எவ்வளவு தூரம் முடிவு சொல்லலாம் என்பதில் உளவியலாளர்களுக்குள்ளேயே நூறு வருஷமாகச் சண்டை ஓயவில்லை. பயிற்சி பெற்றவர்களே தயங்குகிற இடத்தில் கண்ணாடியில் பெயின்ட் அடிக்கிறவன் ஜோசியம் சொல்வது தகாது.

ஆனால் கறையை வேலைக்குப் பயன்படுத்துவேன். ஈரப் பெயின்ட் உள்ள கண்ணாடிமேல் இன்னொரு கண்ணாடியை அழுத்திப் பிரித்தால் வேர், பவளம், பாறை மாதிரி ஒரு வடிவம் தானாக வரும். ஆஸ்கார் டோமிங்கஸ், மாக்ஸ் எர்ன்ஸ்ட் போன்ற சர்ரியலிஸ்டுகள் (கனவையும் ஆழ்மனத்தையும் வரைய முனைந்த ஓவியர்கள்) 1930களில் இதில் பித்தாக இருந்தார்கள். நான் ஆறாவது கண்ணாடியை எப்போதும் இப்படித்தான் செய்கிறேன். உங்களுக்கு நாய் தெரிந்தது அதில்தான் இருக்கும்.

ஃப்ராய்டை எல்லாம் இப்போ யாரு நம்புறா?

அவர் சொன்ன பலதையும் இன்று யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, நியாயம்தான். ஆனால் நமக்குத் தெரியாமல் மனம் வேலை செய்கிறது என்பது ஃப்ராய்டை நம்பி நிற்கும் விஷயமில்லை. 1974இல் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் என்ற உளவியலாளரும் சகாக்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். மூளையின் பார்வைப் பகுதியில் ஒரு துண்டை அறுவை சிகிச்சையில் எடுத்ததால் அவருக்கு ஒரு பக்கப் பார்வை போய்விட்டது. அந்தப் பக்கம் ஒளிப்புள்ளியைக் காட்டி, “சும்மா குத்துமதிப்பாகக் கையை நீட்டுங்கள்” என்றார்கள். எதுவும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே சரியான இடத்தை நோக்கி நீட்டினார். குருட்டுப் பார்வை என்று அதற்குப் பெயர்.

இதைச் செஞ்சா மனசு லேசாகும்னு சொல்றாங்களே, தெரப்பி மாதிரி?

எனக்கு முதுகுவலிதான் வந்தது. படம் வரைவதில் கவலை கொஞ்ச நேரம் விலகி நிற்கும், கோலம் போட்டாலும் அதுதான். கலைவழிச் சிகிச்சை என்பது படித்துப் பயின்றவர்கள் செய்யும் தனித் தொழில். தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல் வாரக்கணக்கில் இருந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

போட்டோஷாப்ல லேயர் லேயரா பிரிச்சு, பிரின்ட் எடுத்து ஒட்டிட்டா வேலை முடிஞ்சுதே?

முடிந்தது. பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். திட்டம் போட நானும் கம்ப்யூட்டரைத்தான் வைத்துக்கொள்கிறேன். ஒரே தொல்லை, பிரின்டில் ஒவ்வொரு லேயரும் தன்னளவில் முழுமையாக இருக்கப் பார்க்கும். கையில் வரையும்போது, “இது அடுத்த கண்ணாடியில் வந்துவிடும்” என்று பாதியிலேயே விட்டுவிடத் தோன்றும். அந்த விட்ட இடம் பிரின்டில் கிடைப்பதில்லை.

அப்பா போய்ட்டாரு. ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான் இருக்கு. முடியுமா?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, பதில் சொல்லக் கஷ்டமானதும் இதுதான். நேர்முகப் படத்தில் ஆழம் கிடையாது. வில்லை போடப் பக்கவாட்டுப் படம் வேண்டும். இல்லாவிட்டால் யாருக்கு அவர் ஜாடை என்று கேட்டு, அந்த மகனையோ தங்கையையோ பக்கவாட்டில் உட்காரவைத்துப் படம் எடுத்து அதிலிருந்து ஆழத்தைக் கடன் வாங்குவேன். சரியாக வரும் என்று வாக்குக் கொடுப்பதில்லை. பணமும் முன்னால் வாங்குவதில்லை.

ஒரு பெண் தன் அப்பாவின் படத்தோடு வந்தார். போட்டோவில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தார் மனிதர். “மூக்குல ரெண்டு பக்கமும் அழுத்தின பள்ளம் இருக்கும் சார், அது வேணும்” என்றார் மகள். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது இல்லை, ஸ்டுடியோக்காரர் டச்சப் செய்து அழித்திருந்தார். மகள் சொன்ன இடத்தில், மூன்றாவது கண்ணாடியில், இரண்டு சின்ன நிழல் போட்டேன். முடிந்ததும் அவருடைய அண்ணன் வந்து பார்த்து, “அப்பா இப்படி இருக்க மாட்டாரே” என்றார். கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை, பெட்டியை எந்த வண்டியில் எடுத்துப்போவது என்று கேட்டார்.

உள்ள பூஞ்சை பிடிக்குது. உடைஞ்சா என்ன பண்றது?

பூஞ்சைக்கு: கடற்கரை ஊர்களில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது உருவித் துடையுங்கள், பெட்டியின் அடியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். கழற்ற முடிந்தால்தானே இதெல்லாம்? ஒட்டாதீர்கள் என்றது இதற்குத்தான். ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப வரைந்துகொள்ளலாம். ஒவ்வொரு கண்ணாடியின் கோட்டையும் டிரேசிங் தாளில் எடுத்து எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உடைந்ததை அப்படியே வைத்துக்கொண்டவரும் உண்டு. மார்செல் துஷாம் என்ற கலைஞர் 1915 முதல் 1923 வரை இரண்டு பெரிய கண்ணாடிகளில் ஒரு வேலை செய்தார். ஒரு பகுதிக்கு வண்ணமே மாதக்கணக்கில் படியவிட்ட தூசிதான். புரூக்ளினில் காட்சிக்கு வைத்துவிட்டு வண்டியில் திருப்பிக் கொண்டுபோகும்போது இரண்டும் நொறுங்கின. 1936இல் உட்கார்ந்து துண்டு துண்டாகப் பொருத்தினார், விரிசல்களோடு பிடித்திருக்கிறது என்று விட்டுவிட்டார். இன்றும் ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் விரிசல்களோடுதான் நிற்கிறது. துஷாமுக்கு அது சரி. நீங்கள் டிரேசிங் எடுத்து வையுங்கள்.

என் முகத்தையே நான் வரையலாமா?

வரையலாம், ஆனால் எந்த முகம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். தினமும் நீங்கள் பார்ப்பது நிலைக்கண்ணாடியில் இடம் வலம் மாறிய முகம். ஊர் பார்ப்பது மற்றது. 1977இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வில் பெண்களிடம் அவர்களின் போட்டோவையும் அதையே இடவலம் மாற்றியதையும் காட்டினார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் மாற்றியது பிடித்தது, அவர்களுடைய தோழிகளுக்கு மாற்றாதது பிடித்தது. அவரவர் பழகிய முகம் அவரவருக்கு.

அடுக்குக் கண்ணாடியில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. கறுப்புத் துணியை எடுத்துவிட்டுப் பெட்டியைப் பின்பக்கமிருந்து பாருங்கள். இடம் வலம் மாறிவிடும், காது முன்னாலும் மூக்கு பின்னாலும் போய்விடும், மேலே சொன்ன தாத்தா மாதிரி அது புடைத்தே தெரிந்து உங்கள் பக்கம் திரும்பவும் செய்யும். ஒரே பெட்டியில் ஊருக்கு ஒரு முகம், உங்களுக்கு ஒன்று.

என்னுடையதை ஐந்து வருஷத்துக்கு முன் செய்தேன். முன்பக்கம்தான் அச்சு அசல் என்கிறாள் மனைவி. கூடத்தில் இருந்தவரை அப்படித்தான் வைத்திருந்தோம். இப்போது அது என் அறையில் இருக்கிறது, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு.